கல் முதல் வைஃபை வரை: கைப்பேசி இடமறிந்த வரலாறு

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்ததும் ஒரு நீலப் புள்ளி தோன்றி நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. அந்தப் புள்ளியை வைப்பது செயற்கைக்கோள்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வயல்வெளியிலும் நான்குவழிச் சாலையிலும் அது உண்மை. மதுரை சிம்மக்கல் போன்ற நெருக்கமான பகுதியில், ஒரு கடையின் உள்ளறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ நிற்கும்போது, செயற்கைக்கோளின் குரல் கைப்பேசிக்கு எட்டுவதே இல்லை. அப்போதும் நீலப் புள்ளி வருகிறது என்றால், அதை வைப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகள்.

இம்முறைக்கு வைஃபை இடங்காணல் என்று பெயர். வைஃபையை அருகலை என்று தமிழாக்கியவர்கள் இதை அருகலை இடங்காணல் என்றும் எழுதுவர். இதன் அடிப்படை எளிது. வைஃபை ரவுட்டர் ஒவ்வொன்றும், அதனுடன் யாரும் இணையாவிட்டாலும், தான் இருப்பதை அறிவித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை, ஒரு சிறு செய்தியை அது வெளியிடுகிறது. ஒரு நாளுக்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிவிப்புகள். ஒவ்வொன்றிலும் உரிமையாளர் வைத்த பெயரும், 48 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணும் இருக்கும். 48 பிட்டில் சுமார் 281 இலட்சம் கோடி எண்களை எழுதலாம் என்பதால், இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே எண் அமைவது அரிது. கைப்பேசி இந்த எண்களைக் கேட்கிறது. எது வலுவாகக் கேட்கிறது, எது மெலிந்து கேட்கிறது என்று குறிக்கிறது. அந்தக் குறிப்பைத் தொலைவில் உள்ள ஒரு கணினிக்கு அனுப்புகிறது. எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் அந்தக் கணினியிடம் உண்டு. பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டு, இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று அது பதில் சொல்கிறது.

பொறியியல் இவ்வளவுதான். அந்தப் பட்டியலை யார், எப்போது, யாரைக் கேட்டுத் தயாரித்தார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

கல்லும் கோபுரமும்

தெரிந்த ஓர் அடையாளத்தை வைத்துத் தெரியாத இடத்தை அறிவது மதுரைக்குப் புதிதல்ல. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வடக்கே, வைகையின் தென்கரையை நெருங்கும் பகுதிக்குச் சிம்மக்கல் என்ற பெயர் கல் சிங்கத்தால் வந்தது. பக்கத்திலேயே யானைக்கல். இரண்டும் கல்லை வைத்து இடத்தைச் சொல்லும் பெயர்கள். இன்றும் சிம்மக்கல்லில் வழி கேட்டால் கதவிலக்கத்தை யாரும் சொல்வதில்லை. "லைப்ரரிக்கு எதுத்தாப்புல போற சந்துல மூணாவது கடை" என்பார்கள். லைப்ரரி என்பது மாவட்ட மைய நூலகம்.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளும் ஒரு முகவரி ஏற்பாடுதான். மாதத்தின் பெயரைச் சொன்னால் கோயிலிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது தெரியும். திசையைச் சேர்த்தால் எந்தப் பக்கம் என்பது தெரியும். வடக்கு மாசி வீதி என்ற இரண்டே குறிப்புகளில் ஓர் அந்நியர் பாதி வழியைக் கண்டுவிடலாம். 1840களில் மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரித்தபோது, புதிய வீதிகளும் பிறந்தன. அவற்றில் ஒன்றுக்கு அந்தப் பணியில் இருந்த நில அளவையாளர் மாரட்டின் பெயர். மற்றொன்றுக்குப் பெருமாள் மேஸ்திரியின் பெயர். நிலத்தை அளந்தவரின் பெயரில் வீதி இருக்கும் ஊர்கள் அதிகமில்லை.

அதற்கு முன்பே, தமிழகத்திலிருந்துதான் இந்தியாவை அளக்கும் பெரும் பணி புறப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப வைத்து ஏறத்தாழ ஏழரை மைல் அளந்தார்கள். பிறகு அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஓர் உயரமான புள்ளியைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்தப் புள்ளியின் இடம் கணக்கில் கிடைத்துவிடும். அதிலிருந்து அடுத்த புள்ளி. இப்படி முக்கோணத்தை முக்கோணத்தோடு கோத்துத் தெற்கேயும் வடக்கேயும் போனார்கள். குன்றுகள் இல்லாத சமவெளியில் உயரமான புள்ளிக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்கள் இருந்தன. 1808இல் தஞ்சையில், அரை டன் எடையுள்ள கோணமானியைக் கோயில் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சரிசெய்தார்.

கோபுரத்தைக் கட்டியவர்கள் அது நில அளவைக்குப் பயன்படும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வேறு நோக்கத்துக்காக எழுப்பப்பட்ட ஒன்று உயரமாகவும் அசையாமலும் இருந்ததால் அளப்பவருக்கு உதவியது. இருநூறு ஆண்டுகள் கழித்து வைஃபை பெட்டிக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லாம்டனின் ஆட்கள் கருவியோடு கோயில் வாசலுக்கு வந்தார்கள், ஊருக்கே தெரிந்தது.

ஜிபிஎஸ் தடுமாறும் இடம்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 2000 மே 1 வரை அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அது நீக்கப்பட்ட பிறகுதான் தெருவைச் சரியாகக் காட்டும் அளவுக்கு ஜிபிஎஸ் எல்லோருக்கும் பயன்பட்டது. ஆனால் அவ்வளவு தூரம் கடந்து வரும் அலை தரையைத் தொடும்போது மிக மிக மெலிந்திருக்கும். முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கடையின் வைஃபை அலையோடு ஒப்பிட்டால், ஜிபிஎஸ் அலை ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வலிமைதான் கொண்டது. கான்கிரீட் தளம் ஒன்று குறுக்கே வந்தால் போதும், அது காணாமல் போய்விடும்.

குறுகிய சந்துகளில் இன்னொரு சிக்கல். இரு பக்கமும் மூன்று நான்கு மாடிகள் எழுந்து நிற்க, வானம் ஒரு கீற்றாக மட்டும் தெரியும் இடத்தில், அலை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். வந்த வழி நீண்டுவிட்டதால் கணக்கும் தவறும். வெளி வீதியில் நிற்பவரைப் பக்கத்துச் சந்தில் நிற்பதாகக் கைப்பேசி காட்டுவது இதனால்தான். ஜிபிஎஸ் மெலியும் இந்த இடங்கள்தாம் மக்களும் கடைகளும் நெருங்கி, வைஃபை பெட்டிகளும் அடர்ந்திருக்கும் இடங்கள் என்பது ஒரு நல்ல தற்செயல்.

ஓர் அலுவலக மாடியில்

வைஃபை என்ற பெயர் 1999இல் வந்தது. அடுத்த ஆண்டே அதை இடங்காணப் பயன்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன். அவர்களுடைய அமைப்பின் பெயர் ரேடார். சோதனைக் களம் 43.5 மீட்டர் நீளமும் 22.5 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அலுவலக மாடி. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள், மூன்று வைஃபை நிலையங்கள்.

அவர்கள் செய்தது இதுதான். மாடியில் 70 இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிலையங்களின் அலையும் எவ்வளவு வலிமையாக இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று எண்கள் சேர்ந்த ஒரு கைரேகை கிடைத்தது. பிறகு ஒருவர் எங்கோ நின்று தம் கணினியில் அலையை அளந்தால், அந்த அளவு எந்தக் கைரேகையோடு ஒத்துப்போகிறதோ அதுவே அவர் நிற்கும் இடம். இந்த முறையில் இரண்டு முதல் மூன்று மீட்டர் வரையிலான இடைநிலைப் பிழையோடு இடத்தைச் சொல்ல முடிந்தது. ஓர் அறையின் அளவுதான் அது. வியப்பான ஒரு சிக்கலையும் அவர்கள் சந்தித்தார்கள்: அளப்பவர் எந்தத் திசை பார்த்து நிற்கிறார் என்பது முடிவை மாற்றியது. மனித உடலில் பெரும்பகுதி நீர். வைஃபை அலையை நீர் விழுங்கும். முதுகுக்குப் பின்னால் ரவுட்டர் இருந்தால் அலை மெலியும். எனவே ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசைகளையும் பார்த்து நின்று அளந்தார்கள்.

கைரேகை முறையின் பலமும் பலவீனமும் ஒன்றே: யாரோ ஒருவர் முன்கூட்டியே நடந்து அளந்திருக்க வேண்டும். ஒரு மாடிக்கு அது ஒரு நாள் வேலை. ஒரு நகரத்துக்கு?

தெருவுக்கு வந்த அளவை

அதற்கான விடை ஆய்வகத்திலிருந்து வரவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் சிலர் மடிக்கணினியையும் ஆன்டெனாவையும் காரில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, எங்கெல்லாம் வைஃபை இருக்கிறது என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். பாதுகாப்பில்லாத இணைப்புகள் எத்தனை என்று காட்டுவது ஒரு நோக்கம்; வெறும் விளையாட்டாகச் செய்தவர்களும் உண்டு. 2001இல் தொடங்கிய விகிள் என்ற தளம் இத்தகைய தன்னார்வலர்களின் பதிவுகளை ஒன்று சேர்த்தது. சியாட்டிலில் இன்டெல் ஆய்வகத்தின் பிளேஸ் லேப் திட்டம், இப்படிச் சேர்ந்த பட்டியலைக் கொண்டு சாதாரண மடிக்கணினியே தன் இடத்தை அறிய முடியும் என்று காட்டியது.

2003இல் பாஸ்டனில் தொடங்கிய ஸ்கைஹுக் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. ஓட்டுநர்களுக்குக் கூலி கொடுத்து நகரங்களின் ஒவ்வொரு தெருவிலும் காரை ஓட்டியது. இதற்குப் பெரிய வாடிக்கையாளர் கிடைத்தது 2008 ஜனவரியில். 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் ஜிபிஎஸ் கிடையாது. அந்த ஜனவரியில் வந்த மென்பொருள் புதுப்பிப்பில், புதிய உறுப்பு எதையும் சேர்க்காமலே, வரைபடத்தில் இருப்பிடம் தெரிய ஆரம்பித்தது. ஸ்கைஹுக்கின் வைஃபை பட்டியலும் கூகுளின் கைப்பேசிக் கோபுரப் பட்டியலும் சேர்ந்து செய்த வேலை அது. கோபுரத்தை மட்டும் வைத்துக் கணித்தால் பிழை சில நூறு மீட்டரிலிருந்து கிலோமீட்டர் வரை போகும். வைஃபை அதைச் சில பத்து மீட்டருக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் சூரிச் நகர ஆய்வாளர்கள், ஒரு பெட்டியின் அடையாள எண்ணைப் போலியாக ஒலிபரப்பி ஐபோனை வேறு ஊரில் இருப்பதாக நம்பவைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். எண்ணைக் கேட்டு நம்பும் முறையில் ஏமாற்றுவதற்கும் இடம் உண்டு.

கூகுள் தன் வீதிக்காட்சிக் கார்களையே இதற்கும் பயன்படுத்தியது. படம் எடுத்துக்கொண்டே போகும் கார், வழியில் உள்ள வைஃபை எண்களையும் குறித்துக்கொண்டது. 2010இல் ஜெர்மனியின் தரவுக் காப்பு அதிகாரிகள் கேள்வி கேட்டபோது ஆய்வு நடந்தது. அந்த ஆண்டு மே 14 அன்று கூகுள் ஒப்புக்கொண்டது: பூட்டப்படாத இணைப்புகளில் ஓடிய தரவுகளின் துண்டுகளும், பல நாடுகளில், கார்களில் பதிவாகியிருந்தன. அது தவறுதலாக நடந்தது என்றது நிறுவனம். கார்கள் வைஃபை பதிவதை நிறுத்தின.

பட்டியல் தயாரிப்பு மட்டும் நிற்கவில்லை. வேலை காரிலிருந்து நம் சட்டைப்பைக்கு மாறியது. 2011 ஏப்ரலில், ஐபோனுக்குள் ஒரு கோப்பில் நீண்ட கால இருப்பிடப் பதிவு சேர்ந்து கிடப்பதை இரு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எழுந்த சலசலப்புக்கு ஆப்பிள் அளித்த விளக்கத்தில்தான், ஐபோன்கள் தம்மைச் சுற்றியுள்ள வைஃபை நிலையங்களையும் கோபுரங்களையும் பற்றிய தகவலை, பெயரில்லாமல், நிறுவனத்துக்கு அனுப்புகின்றன என்பது பொதுமக்களுக்குத் தெளிவாயிற்று. ஆண்ட்ராய்டிலும் இதே ஏற்பாடுதான். ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில், அப்போது காதில் விழும் வைஃபை எண்களையும் சேர்த்து அனுப்பினால், அந்த எண்கள் எங்கே உள்ளன என்பது நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு ஜிபிஎஸ் இல்லாத நேரத்தில் அதே எண்கள் இன்னொருவருக்கு இடத்தைச் சொல்லும்.

கார் வராத ஊரில்

இந்தியாவில் வைஃபை பரவுவதற்கு முதலில் அரசு வழிவிட வேண்டியிருந்தது. 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை வெளிப்புறத்தில் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிக்கை 2005 ஜனவரியில்தான் வந்தது. 5 கிகாஹெர்ட்சுக்கு அவ்வாறான விரிந்த தளர்வு 2018 அக்டோபரில் கிடைத்தது.

இடையில் வைஃபை மீது ஒரு சந்தேக நிழலும் விழுந்தது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைக் கடவுச்சொல்லோடு பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பூட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அது இடங்காணலை எவ்விதத்திலும் தடுப்பதில்லை. வீட்டைப் பூட்டினாலும் வாசலில் எழுதிய கதவிலக்கம் தெருவில் போகிறவருக்குத் தெரியும் அல்லவா? அதுபோலத்தான்.

கூகுளின் வீதிக்காட்சிக் கார் இந்தியாவுக்கு வந்தது 2011இல், பெங்களூருவுக்கு. சில வாரங்களிலேயே காவல்துறை அதை நிறுத்தியது. மீண்டும் 2022 ஜூலையில், இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களோடு பத்து ஊர்களில் வீதிக்காட்சி தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து இடம்பெற்றது சென்னை மட்டுமே. இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தானாக வருகிறது. கூகுள் கார்கள் வைஃபையைப் பதிந்தது 2010 வரை; இந்தியாவில் அந்தக் கார் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஆகவே மதுரையின் வைஃபை வரைபடத்தில் அந்தக் காரின் பங்கு இல்லை. வடக்கு மாசி வீதியிலும் சிம்மக்கல் சந்துகளிலும் அளவைப் பணியைச் செய்தவர்கள், கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள்: ஆட்டோ ஓட்டுநர்கள், உணவு கொண்டு போகும் இளைஞர்கள், நூலகத்துக்கு வரும் போட்டித்தேர்வு மாணவர்கள், நீங்கள், நான். மாரட்டுக்கு ஒரு வீதி கிடைத்தது. இவர்களுக்குத் தாம் அளந்ததே தெரியாது.

மக்கள் நடக்கும்போதே அளவையும் நடந்துவிட வேண்டும் என்பதை ஓர் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டதும் இந்தியாவில்தான் சிறப்பாக நடந்தது. ரேடாரை உருவாக்கிய இருவரில் ஒருவரான வெங்கட பத்மநாபன் பின்னர் பெங்களூருவில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே கிருஷ்ண சிந்தலபூடி முதலியோருடன் சேர்ந்து 2010இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ரேடாரின் பெரும் பலவீனத்தை நேரடியாகத் தொட்டது. யாரும் முன்கூட்டி நடந்து அளக்க வேண்டாம். ரவுட்டர் எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டாம். கட்டடத்துக்குள் பலர் கைப்பேசியோடு இயல்பாக நடமாடட்டும். வாசலிலோ சன்னலோரத்திலோ எப்போதாவது யாருக்காவது ஜிபிஎஸ் கிடைக்கும். அந்தச் சில புள்ளிகளை ஊன்றிக்கொண்டு, மீதி எல்லா இடங்களையும் இயற்பியல் விதிகளிலிருந்து கணக்கிட்டுவிடலாம் என்றார்கள். சிறிய கட்டடத்தில் இடைநிலைப் பிழை 2 மீட்டர், பெரிய கட்டடத்தில் 7 மீட்டர். 2012இல் அதே ஆய்வகம் இன்னொரு படி மேலே போய், கைப்பேசியில் உள்ள அசைவுணரிகளைக் கொண்டு நடப்பவரின் அடிகளை எண்ணி, சுவரை ஊடுருவி யாரும் நடக்க முடியாது என்ற எளிய உண்மையைத் துணைக்கு வைத்து, அவர் எந்த வழியே போயிருக்க முடியும் என்று கண்டது. லாம்டன் அடிக்கோட்டை முதலில் அளந்து மற்றதைக் கணக்கால் பெற்றதை நினைவூட்டும் முறை இது. ஆயினும் சங்கிலி பிடிக்க ஆள் தேவைப்படவில்லை.

அசையும் கற்கள்

மேலைநாட்டு நகரங்களுக்காக உருவான இம்முறை நம் ஊரில் அப்படியே பொருந்தியதா? முழுதாகப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கோபுரம் நகராது, சர்வே கல்லைப் பிடுங்கினால் சட்டம் கேட்கும். வைஃபை பெட்டி அப்படியல்ல. சிம்மக்கல்லில் குடியிருந்தவர் திருநகருக்கு வீடு மாறினால் ரவுட்டரும் சாமான் வண்டியில் ஏறிப் போகும். பட்டியல் திருத்தப்படும் வரை, புது வீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் கைப்பேசி சிம்மக்கல்லில் இருப்பதாகக் காட்டலாம். பல எண்கள் ஒரே பக்கம் சாட்சி சொல்ல, ஒன்று மட்டும் முரண்பட்டால் அதை ஒதுக்கிவிடக் கணினிக்குத் தெரியும். பக்கத்தில் வேறு வைஃபையே இல்லாத புறநகர் வீட்டில் அந்த ஒரே சாட்சியைத்தான் அது நம்பியாக வேண்டும்.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் ஹாட்ஸ்பாட். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கிய பின் கைப்பேசித் தரவின் விலை சரிந்தது. கம்பிவழி இணைப்பும் ரவுட்டரும் வாங்காமலே இணையம் கிடைத்ததால், பல குடும்பங்கள் அவற்றைத் தேடவில்லை. அண்ணன் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் தங்கையின் மடிக்கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். அந்த ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான். அதற்கும் அடையாள எண் உண்டு. ஆனால் அது பேருந்தில் ஏறி மாட்டுத்தாவணிக்குப் போய்விடும். பட்டியல் வைத்திருப்போர் இவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே எண் இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் கேட்டால் அதை நம்புவதில்லை. புதிய கைப்பேசிகள் பலவற்றில் ஹாட்ஸ்பாட் எண் நிலையானதல்ல, அவ்வப்போது புனையப்படுவது. அதை எண்ணில் உள்ள ஒரு பிட்டைப் பார்த்தே அறியலாம்.

மின்வெட்டும் கணக்கில் சேரும். கோபுரத்துக்கு டீசல் மின்னாக்கி உண்டு. வீட்டு ரவுட்டருக்குப் பெரும்பாலும் அது இல்லை; மின்சாரம் போனால் அதன் குரலும் அடங்கும். தமிழகம் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், வைஃபையை நம்பி இடங்காண்பது எவ்வளவு உறுதியற்றதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு குறைகள் இருந்தும் இம்முறை தேவைப்படுவதற்கு வலுவான காரணம் உண்டு. 2016இல் வந்த மத்திய அரசின் விதிகள், புதிய கைப்பேசிகளில் 2017 முதல் ஆபத்துப் பொத்தானும் 2018 முதல் ஜிபிஎஸ் வசதியும் இருக்க வேண்டும் என்றன. தமிழகக் காவல்துறையின் காவலன் செயலியும், 2022 ஏப்ரலில் வந்த காவல் உதவி செயலியும் அழைப்பவரின் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகின்றன. அடைத்த அறைக்குள் இருந்து ஒரு பெண் அந்தப் பொத்தானை அழுத்தும்போது ஜிபிஎஸ் மட்டும் போதாது. இருபது மீட்டர் பிழை என்பது சிம்மக்கல் பகுதியில் இன்னொரு சந்து. போய்ச் சேரும் காவலர் தட்டும் கதவு வேறாகிவிடும்.

யாருடைய பட்டியல்

வைஃபையை அணைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 முதல், வைஃபை அணைந்திருந்தாலும் இடங்காண்பதற்காக மட்டும் அது தேடிக்கொண்டிருக்கும் அமைப்பு இருக்கிறது. அமைப்புகளில் இருப்பிடம் என்ற பகுதிக்குள் போய் வைஃபை தேடலைத் தனியாக நிறுத்த வேண்டும். செயலிகளுக்கும் இது ஒரு பின்வாசலாக இருந்தது: இருப்பிட அனுமதி கேட்காமல் வைஃபை எண்களை மட்டும் படித்தாலே இடம் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு 6 முதல், வைஃபை தேடலின் முடிவைப் படிக்கவும் இருப்பிட அனுமதி தேவை என்றானது.

கைப்பேசி வைத்திருப்பவருக்காவது இப்படிச் சில பிடிகள் உள்ளன. பெட்டியின் உரிமையாளருக்கு? தெருவில் போகும் யாரோ ஒருவரின் கைப்பேசி அவருடைய பெட்டியைப் பட்டியலில் சேர்க்கிறது. அவரிடம் யாரும் கேட்பதில்லை. 2011 நவம்பரில் கூகுள் ஒரு வழி சொன்னது: வைஃபை பெயரின் இறுதியில் அடிக்கோட்டுடன் நோமேப் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் அந்தப் பெட்டியைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். வேண்டாம் என்பவர் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விந்தையான நியாயம். ஆப்பிள் அதே சொல்லை ஏற்றது 2024இல்தான். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், ஆப்பிளின் சேவையிடம் எண்களைக் கேட்டுக் கேட்டே, ஓராண்டில் உலகெங்கும் 200 கோடிக்கும் மேற்பட்ட வைஃபை பெட்டிகளின் இடத்தைத் தெரிந்துகொள்ள முடிந்தது என்று காட்டிய ஆண்டு அது. ஓர் எண்ணைப் பற்றிக் கேட்டால் சுற்றியுள்ள நானூறு எண்கள் வரை அந்தச் சேவை சேர்த்துச் சொன்னது. போர் நடக்கும் நாடுகளில் பெட்டிகள் இடம் மாறுவதையும் மறைவதையும் அவர்களால் பார்க்க முடிந்தது.

இந்தியச் சட்டம் இந்தக் குறிப்பிட்ட கேள்விக்குள் இன்னும் ஆழமாக இறங்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. 2024 ஜூலை 8 அன்று, பிணையில் வருபவர் தம் இருப்பிடத்தை வரைபடச் செயலி வழியாக விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆளின் இருப்பிடத்தைப் பற்றிய தீர்ப்பு. ஒரு வீட்டின் சுவரில் மாட்டிய பெட்டியின் எண், ஆளைப் பற்றிய தரவா, வெறும் பொருளைப் பற்றிய தரவா? ஒரு குடும்பம் எங்கே குடிபெயர்ந்தது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்க முடியும்போது, அதை வெறும் பொருள் என்று தள்ளுவது சரியாகப் படவில்லை.

லாம்டனின் அளவை முடிவுகள் அச்சாகி வெளிவந்தன. பேரரசின் தேவைக்காகச் செய்த பணியானாலும், கணக்கைச் சரிபார்க்க விரும்பிய கணிதவியலாளர் அதைப் பார்க்க முடிந்தது. வைஃபை பட்டியல்களோ சில நிறுவனங்களின் பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றுக்குள் சண்டையும் நடந்தது. 2010இல் ஸ்கைஹுக் கூகுள் மீது தொடுத்த வழக்கு 2015இல் 9 கோடி டாலர் கைமாறி முடிந்தது. எல்லோருக்கும் திறந்த ஒரு பட்டியலை உருவாக்க மொசில்லா 2013இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் தம் கைப்பேசியில் சிறு செயலியை ஓடவிட்டு, தெரிந்தே, விரும்பியே அளந்தார்கள். 2019இல் ஸ்கைஹுக் காப்புரிமையைக் காட்டிக் குரல் கொடுத்த பிறகு அத்திட்டத்துக்குக் கட்டுப்பாடுகள் கூடின. 2024இல் அது மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப முயலும் பீக்கன்டிபி என்ற பொதுத் திட்டம் இப்போது முதலிலிருந்து எண்களைச் சேர்த்து வருகிறது.

தொழில்நுட்பம் இதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, அலையின் வலிமையைப் பார்க்காமல், கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்குப் போய்த் திரும்ப அலை எடுக்கும் நேரத்தை அளக்கும் முறைக்கு இடம் தந்தது. ஒரு நானோவிநாடியில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் போகும் என்பதால், நேரத்தை அவ்வளவு நுட்பமாக அளந்தால் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இடம் தெரியும். இதற்கு ரவுட்டரும் அந்த முறையை அறிந்ததாக இருக்க வேண்டும். கடைகளில் மாட்டியிருக்கும் மலிவான பெட்டிகளில் பலவற்றுக்கு அது தெரியாது. அவை மாறும் வரை, சிம்மக்கல்லில் நீலப் புள்ளியை வைப்பது பழைய முறைதான்: எந்தப் பெட்டி உரக்கக் கேட்கிறது, எது மெல்லக் கேட்கிறது என்ற கணக்கு.